அல்லிப்பள்ளத்தார் வெட்டிய வடிகால்

அல்லிப்பள்ளத்துக்காரர்களை முட்டாள்கள் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. என் பெண்டாட்டி அந்த ஊர்க்காரி. சொன்னால் அன்றைக்குச் சோறு கிடையாது. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன், பெயர் வைப்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊரை ஒட்டிக் கோணலாறு ஓடுகிறது. வடக்கேயிருந்து வந்து, ஊர் வயல்களை வளைத்துக்கொண்டு போய், தெற்கே தாழ்ந்த தரையில் இறங்கும். ஐப்பசி மழை வலுத்தால் வடக்குக் கரை வழிந்து தண்ணீர் வயலுக்குள் வந்துவிடும். வந்த தண்ணீருக்கு வெளியே போக வழி கிடையாது. ஒவ்வொரு வயலாக நகர்ந்து, கடைசியில் செங்கமலத்தின் வயலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஊரிலேயே பள்ளமான வயல் அவளுடையதுதான்.

செங்கமலம் புருஷனை இழந்தவள். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். ஒரே மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தான். போன வருஷம் பயிர் அழுகியபோதே அவன் போனில் சொல்லிவிட்டான்: "அடுத்த வருஷமும் இப்படி ஆச்சுன்னா வீட்டைப் பூட்டிட்டு எங்கிட்ட வந்துரும்மா. உக்காந்த இடத்துலேயே நூல் பிரிக்கிற வேலை இருக்கு." செங்கமலத்துக்கு மகன் என்றால் உயிர். ஆனால் அவன் அறையில் ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்தான் தெரியும். "நூல் பிரிக்கிறதுக்கா நான் நாத்து நடக் கத்துக்கிட்டேன்?" என்று அவள் வயலைப் பார்த்துக் கேட்பாள். வயல் என்ன சொல்லும் பாவம்.

இந்த நிலைமையில்தான் அரசாங்கம் ஒரு திட்டம் போட்டது. செங்கமலத்தின் வயல் முனையில் ஆரம்பித்து, தெற்கே ஆறு தாழ்ந்து ஓடும் இடம் வரைக்கும் ஒரு வடிகால் வெட்டுவது. வயலில் நிற்கும் தண்ணீர் அது வழியாக ஆற்றுக்கே போய்விடும். அருமையான திட்டம், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். வேலையை அந்த ஊர்க்காரர்களிடமே ஒப்படைத்தார்கள் பாருங்கள், அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது.

திட்டத்தைப் பார்த்துக்கொள்ள வந்தவர் இன்ஜினியர் தேவநேசன். தங்கமான மனிதர். ஆனால் தான் சொல்வதை யாருமே கேட்பதில்லை என்று அவருக்கு நெடுநாளாக ஒரு குறை. அல்லிப்பள்ளத்துக்கு வந்ததும் அந்தக் குறை தீர்ந்துவிட்டது.

அவரை வரவேற்க மூன்று பேர் நின்றார்கள். ஒருவர் ஊர்த்தலைவர் ஆபத்சகாயம். இரண்டாவது வைத்திலிங்கம். அவர் எப்போதோ ஒரு மாட்டு வழக்கில் சாட்சி சொல்லக் கோர்ட்டுக்குப் போயிருந்தார், அன்றிலிருந்து ஊருக்கு அவர்தான் சட்டம். மூன்றாவது கூத்தபெருமாள். ஊரில் எதை அறிவிக்க வேண்டுமானாலும் தமுக்கு அடிப்பவர்.

"முதல்ல, சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் இந்தத் திட்டத்தை முறையா அறிவிச்சிடுங்க" என்றார் இன்ஜினியர். "யாருக்காவது ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லிடட்டும். பின்னால தகராறு வரக்கூடாது." சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

மூன்று பேரும் அரசமரத்தடியில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"சம்பந்தப்பட்டவங்கன்னா யாரு?" என்று தலைவர் கேட்டார்.

"வயலுக்குள்ள வர்றது யாரு? நாசம் பண்றது யாரு? இனிமே புது வழியில போகப்போறது யாரு?" என்று கோர்ட்டில் கேட்பது போலவே கேட்டார் வைத்திலிங்கம். "எல்லாம் ஆறு. அதுக்குத்தான் முதல்ல சொல்லணும்."

அன்று சாயங்காலமே ஊர் திரண்டு ஆற்றங்கரைக்குப் போயிற்று. கூத்தபெருமாள் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று தமுக்கை அடித்தார். "கோணலாற்றுக்கு இதனால் அறிவிப்பது என்னவென்றால், இனிமேல் நீ வயலில் தங்கக்கூடாது. உனக்குத் தனியாக வடிகால் வெட்டுகிறோம். ஆட்சேபணை இருந்தால் இப்போதே சொல்லு. திறப்பு விழாவுக்குத் தவறாமல் வந்து சேரு! டும் டும் டும்!"

எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

"சலசலன்னு என்னமோ சொல்லுதே?" என்று தலைவர் கவலைப்பட்டார்.

வைத்திலிங்கம் குனிந்து கேட்டுப் பார்த்தார். "இது எப்பவும் சொல்றதுதான். புதுசா ஒண்ணும் சொல்லலை. சம்மதம்னு வச்சுக்கலாம்."

வேலை ஆரம்பமாயிற்று. இன்ஜினியர் வந்து குச்சி நட்டு, கயிறு கட்டி, அளவு காட்டிக் கொடுத்தார். போகும்போது இன்னொன்றும் சொன்னார். "தோண்டுற மண்ணு அரசாங்க மண்ணு. ஒரு கூடைகூட யாரு வயலுக்கும் போகக்கூடாது. அரசாங்க இடத்துலதான் கிடக்கணும். புரிஞ்சுதா?"

"நல்லாப் புரிஞ்சுது சார்" என்றார்கள். அவர்களுக்கு எல்லாமே நல்லாப் புரியும், அதுதான் கஷ்டம்.

காலையிலிருந்து ஊரே மண்வெட்டியும் கூடையுமாக வெட்டியது. பொழுது சாயும்போது மண் மலையாகக் குவிந்து நின்றது. இதை எங்கே போடுவது? இந்தப் பக்கம் பார்த்தால் சுப்புணியின் வயல். அந்தப் பக்கம் பார்த்தால் கோவில் நிலம். சாமியிடம் அரசாங்க மண்ணை ஒப்படைக்க முடியுமா?

"இங்க அரசாங்க இடம்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" என்று தலைவர் தலையைச் சொறிந்தார்.

"இருக்கே" என்றார் வைத்திலிங்கம். "வடிகால்!"

அடடா, இது தோன்றவில்லையே என்று எல்லோரும் அவர் முதுகைத் தட்டினார்கள். வெட்டிய மண்ணையெல்லாம் அள்ளி வடிகாலுக்குள்ளேயே கொட்டி, மிதித்துச் சமன் செய்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் காலையில் வந்து மறுபடி வெட்டினார்கள். சாயங்காலம் மறுபடி கொட்டினார்கள். மண் நாளுக்கு நாள் பதமாகிக்கொண்டே வந்ததால் வெட்ட வெட்டச் சுலபமாக இருந்தது. வேலை நல்ல வேகத்தில் நடக்கிறது என்று ஊருக்கே சந்தோஷம்.

ஒரு வாரம் கழித்து இன்ஜினியர் வந்து பார்த்தார். வடிகாலைக் காணோம்.

"எங்கய்யா தோண்டினீங்க?"

"இங்கதான் சார். தினமும் தோண்டுறோம்" என்றார் தலைவர் பெருமையாக. "ஒரு கூடை வெளிய போகலை. வேணும்னா எண்ணிப் பாத்துக்கங்க."

இன்ஜினியர் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். கூத்தபெருமாள் ஓடிப்போய் இளநீர் வெட்டிக்கொண்டு வந்தார். அதைக் குடித்து முடித்துவிட்டு இன்ஜினியர் கத்தினார். "கரையில போடுங்கய்யா! ரெண்டு பக்கமும் அளந்து கொடுத்திருக்கேனே, அந்தக் கரையும் அரசாங்கத்துதுதான்!"

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்" என்றார் வைத்திலிங்கம் மனத்தாங்கலோடு.

எப்படியோ வடிகால் வெட்டி முடிந்தது. நான் போய்ப் பார்த்தேன், நூல் பிடித்தது போல இருந்தது. கெட்டிக்காரர்கள் வெட்டியிருந்தால்கூட அவ்வளவு நேராக வந்திருக்காது, அவர்கள் நடுநடுவே யோசிப்பார்கள். செங்கமலத்தின் வயல் முனையில் மட்டும் ஒரு மண் அணை விட்டு, அதற்கு மேல் குறுக்கே ஒரு சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். இன்ஜினியர் கடைசியாகச் சொல்லிவிட்டுப் போனார்: "நான் வந்து திறந்து வைக்கிற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி இதுக்குள்ள போகக்கூடாது."

அவர் போனார், மழை வந்தது.

மழையென்றால் மழை, வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கோணலாறு கரையைத் தாண்டி வயல் வயலாக நகர்ந்து, வழக்கம்போலச் செங்கமலத்தின் வயலுக்கு வந்து சேர்ந்தது. அவளுடைய சம்பா நெல் அப்போதுதான் கதிர் விட்டுப் பால் பிடிக்கிற நேரம். அந்த நேரத்தில் கதிர் தண்ணீருக்குள் முங்கினால் பதர்தான் மிஞ்சும். காலையில் தண்ணீர் பயிரின் இடுப்புக்கு இருந்தது. மத்தியானத்துக்குள் கழுத்துக்கு வந்துவிட்டது.

செங்கமலம் முக்காட்டைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். அணைக்கு மேலே தலைவரும் வைத்திலிங்கமும் கூத்தபெருமாளும் குடை பிடித்துக்கொண்டு காவல் நின்றார்கள்.

"தலைவரே, அணையை வெட்டி விடுங்க! பயிரு முங்குது!"

"அது எப்படித் தங்கச்சி? இன்ஜினியர் வந்து திறக்கணும்ல."

"அவரு வர்ற வரைக்கும் தண்ணி நிக்குமா?"

"நிக்குதே" என்றார் கூத்தபெருமாள், வயலைக் காட்டி.

"நாமதான் விழாவுக்கு வான்னு தமுக்கு அடிச்சுக் கூப்பிட்டோம்" என்று வைத்திலிங்கம் விளக்கினார். "மரியாதை தெரிஞ்ச ஆறு, கொஞ்சம் முன்னாடியே வந்துருச்சு. வந்த விருந்தாளியை விழா நடக்கிறதுக்கு முன்னாடியே பின்வாசல் வழியா அனுப்பினா நல்லாவா இருக்கும்?"

"உங்க விருந்தாளி என் சோத்துல உக்காந்திருக்குய்யா!" என்று செங்கமலம் கத்தினாள். அழுகையும் வந்துவிட்டது. "போன் போடுங்க அந்த இன்ஜினியருக்கு!"

ஊரில் தண்ணீர்த் தொட்டி ஏணியில் பாதி ஏறினால்தான் டவர் கிடைக்கும். தலைவர் ஏறினார், மற்றவர்கள் கீழே நின்றார்கள்.

"சார், தண்ணி வந்துருச்சு. திறக்க வாங்க."

"எப்படிய்யா வர்றது? ரோடு முழுக்கத் தண்ணி நிக்குது. அது வடிஞ்சாத்தான் ஜீப் வரும்."

"நீங்க வந்து திறந்தாத்தான் சார் அது வடியும்."

"அது வடிஞ்சாத்தான்யா நான் வர முடியும்!"

"அதான் சார் நானும் சொல்றேன். நீங்க வந்தா வடிஞ்சிரும்."

இப்படியே இருவரும் ஒருவரையொருவர் ஒத்துக்கொண்டு வெகுநேரம் பேசினார்கள். கீழே செங்கமலம் ஏணியைப் பிடித்து உலுக்கினாள். கடைசியில் இன்ஜினியர் போனிலேயே அலறிவிட்டார்: "யோவ், நான் வந்துட்டதா நினைச்சுக்கிட்டுத் திறந்து தொலைங்கய்யா!"

தலைவர் முகம் மலர்ந்து இறங்கி வந்தார். "உத்தரவு வந்தாச்சு. சார் வந்துட்டதா நினைச்சுக்கச் சொல்றாரு."

செங்கமலம் மண்வெட்டியைத் தூக்கினாள். வைத்திலிங்கம் கையை நீட்டித் தடுத்தார். "இரு தாயீ. சார் வந்திருக்காரு, அவர் முன்னாடி இப்படியா? அவருக்கு உக்கார ஒரு நாற்காலி போட வேண்டாமா?"

பள்ளிக்கூடத்திலிருந்து கை வைத்த நாற்காலி வந்தது. அணைக்கு மேலே அதைப் போட்டு, கூத்தபெருமாள் அதற்குக் குடை பிடித்தார். அவர் முழுக்க நனைந்தார், நாற்காலி நனையவில்லை. கதம்ப மாலை ஒன்றை நாற்காலியின் முதுகில் சாற்றினார்கள். காபி வந்தது. நாற்காலிக்கு முன்னால் நீட்டிக்கொண்டு தலைவர் கொஞ்ச நேரம் நின்றார்.

"சார் காபி சாப்பிட மாட்டாரோ?"

"சர்க்கரை இருக்கும்" என்றார் வைத்திலிங்கம்.

பிறகு தலைவர் வரவேற்புரை ஆற்றினார். இன்ஜினியர் இந்த அடாத மழையிலும், ரோடெல்லாம் தண்ணீர் நிற்கும்போதும் நேரில் வந்ததற்கு ஊர் சார்பாக நன்றி சொன்னார். அவருடைய கண் கலங்கிவிட்டது. பயிரின் கழுத்துக்கு மேலே தண்ணீர் ஏறியது. "அடுத்து, சார் ரெண்டு வார்த்தை பேசுவார்" என்று சொல்லிவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றார்.

ஊரே அமைதியாக நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றது. மழை கொட்டியது. கதிர்களின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. செங்கமலம் கையைப் பிசைந்தாள்.

"பேசி முடிச்சுட்டாரா?" என்று கூத்தபெருமாள் கிசுகிசுத்தார்.

"ஷ்ஷ்! பெரிய மனுஷன். ரெண்டு வார்த்தைன்னா ரெண்டு வார்த்தையிலயா முடிப்பாரு?" என்று வைத்திலிங்கம் அதட்டினார்.

செங்கமலத்துக்கு எங்கிருந்துதான் அந்த யோசனை வந்ததோ, சட்டென்று பலமாகக் கைதட்டினாள். கைதட்டினால் பேச்சு முடிந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். ஊரே சேர்ந்து தட்டியது. "நல்லாப் பேசினாரு" என்றார் தலைவர். "அதுவும் விவசாயிங்களைப் பத்திச் சொன்னாரே, அந்த இடம்."

இப்போது ரிப்பன். தலைவர் கத்தரிக்கோலைத் தட்டில் வைத்து நாற்காலியிடம் நீட்டினார். மறுபடியும் சிக்கல்.

"நினைப்புல வந்தவரு நிஜ ரிப்பனை எப்படி வெட்டுவாரு?" என்றார் வைத்திலிங்கம். "நினைப்பு ரிப்பனைத்தான் வெட்ட முடியும். நிஜ ரிப்பனை நிஜ இன்ஜினியருக்கு வச்சிருக்கணும். நாளைக்கு அவரு வந்து கேட்டா என்ன பதில் சொல்றது?"

"அப்ப நினைப்பு ரிப்பனை அவரு வெட்டியாச்சு!" என்று செங்கமலம் மறுபடி கைதட்டினாள். ஊரும் தட்டியது. "நிஜ ரிப்பனைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. தண்ணி அடியில குனிஞ்சு போயிக்கும்!"

இதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. இரண்டு பேர் ரிப்பனைத் தூக்கிப் பிடித்தார்கள். நாற்காலியை மரியாதையாக ஓரமாக இறக்கினார்கள். செங்கமலம் போட்ட போடில் அணை உடைந்தது. தண்ணீர் திமுதிமுவென்று வடிகாலில் பாய்ந்து, நேர்கோடாக ஓடி, தெற்கே ஆற்றில் விழுந்தது. பொழுது சாய்வதற்குள் கதிர்கள் தலையை உதறிக்கொண்டு எழுந்து நின்றன. செங்கமலம் வரப்பிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். சந்தோஷத்தில்தான்.

கூத்தபெருமாள் மட்டும் அவசர அவசரமாக ஒரு குடத்தை எடுத்துவந்து, கடைசியாகப் போன தண்ணீரில் முக்கி எடுத்து, வாயைத் துணியால் கட்டி வைத்தார்.

"இது எதுக்குய்யா?" என்றார் தலைவர்.

"நாளைக்கு நிஜ சார் வந்து திறக்கும்போது விடறதுக்குத் தண்ணி வேண்டாமா? அசல் வெள்ளத் தண்ணி. வெளியில வாங்க முடியாது."

மழை விட்டாலும் ரோட்டுப் பாலம் உடைந்து கிடந்ததால், இன்ஜினியர் வந்து சேரத் தை மாதம் ஆகிவிட்டது. அதற்குள் வெயில் காய்ந்து தரையெல்லாம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. செங்கமலத்தின் வயலில் கதிர் முற்றி, பாரம் தாங்காமல் சாய்ந்து கிடந்தது. இன்ஜினியர் அந்தப் பயிரைப் பார்த்தார், வடிகாலைப் பார்த்தார், அவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ரிப்பனை வெட்டினார். போட்டோ எடுத்துக்கொண்டார். "அன்னிக்கு எனக்காக நீங்க காத்துக்கிட்டு நின்னது தப்பு" என்று அன்பாகவே சொன்னார். "இனிமே எதுக்கும் எனக்காகக் காத்திருக்கக் கூடாது. வடிகால்ல குறைன்னு ஏதாவது தெரிஞ்சா, அன்னிக்கே நீங்களே ஒரு முடிவு கட்டிடணும். சரியா?"

"சரிங்க சார்."

ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. அதற்குப் பிறகுதான் கூத்தபெருமாளுக்குக் குடத்தின் ஞாபகம் வந்தது. ஐயையோ என்று ஓடிப்போய் எடுத்து வந்தார். ஊரே வடிகாலின் இரண்டு கரையிலும் கூடி நின்றது. தலைவர் குடத்தின் வாயை அவிழ்த்து, சாமியைக் கும்பிட்டு, தண்ணீரை வடிகாலில் ஊற்றினார்.

தண்ணீர் ஓடியது. எல்லோரும் கரையோடு கூடவே நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் தண்ணீர் மெலிந்தது. கரையோரத்து நாவல் மரம் ஒன்றுக்குக் கிட்டே போனபோது ஒரு வெடிப்புக்குள் இறங்கியது. அப்புறம் அதைக் காணவில்லை.

வைத்திலிங்கம் குனிந்து வெடிப்புக்குள் பார்த்தார். தொட்டுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து கோர்ட்டில் நிற்பது போல நின்றார்.

"ஒரு குடம் தண்ணியைக்கூட இது ஆத்துல சேர்க்கலை" என்றார் மெதுவாக.

"ஒரு குடத்துக்கே இப்படின்னா ஒரு வெள்ளத்தை இது எப்படிக் கொண்டுபோகும்?" என்றார் தலைவர். அவருக்கு வேர்த்துவிட்டது.

"சார் என்ன சொல்லிட்டுப் போனாரு? குறை தெரிஞ்சா அன்னிக்கே முடிவு கட்டணும்" என்றார் வைத்திலிங்கம்.

ஊரே மண்வெட்டியையும் கூடையையும் எடுத்தது. இரண்டு கரையிலும் அரசாங்க மண் தயாராகக் கிடந்தது. பல நாள் பழகிய வேலை ஆயிற்றே, கைக்குச் சுலபமாக வந்தது. பொழுது சாய்வதற்குள் வடிகாலைத் தூர்த்து, மிதித்து, சமன் செய்துவிட்டார்கள்.

முதல் கூடை மண்ணைக் கொட்டியவள் செங்கமலம்தான். கொட்டிவிட்டு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

"அம்மாடி, நல்லவேளை!" என்றாள். "இதை நம்பி அன்னிக்கு வெள்ளத்தை விட்டிருந்தா, நான் இந்நேரம் திருப்பூர்ல நூல் பிரிச்சுக்கிட்டு இருப்பேன்!"